மிச்சக் காலின் சுற்றளவு

இடது காலில் முழங்காலுக்குக் கீழே விட்டுவைத்திருந்த பகுதியை ஆஸ்பத்திரியில் ஸ்டம்ப் என்றார்கள். வெட்டிப்போட்ட மரத்தின் அடிக்கட்டையைச் சொல்வதுபோல் இருக்கிறது என்று என் கணவருக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. நான் ஒருநாள் பேச்சுவாக்கில் 'மிச்சக் கால்' என்றேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதற்கு அதுவே பெயர்.

அதற்கு முன்னால் நாங்கள் இருவரும் தினமும் பினாங்குப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். குடியிருப்பது தீவில், டத்தோ கிராமாட் பக்கம், பழைய அடுக்குமாடி ஒன்றில். அவருக்கு அக்கரையில், புக்கிட் தெங்காவில் வேலை. இயந்திரங்களுக்கான சின்னச் சின்ன இரும்புச் சாமான்கள் செய்யும் ஃபேக்டரியில் தரம் பார்க்கும் பிரிவு. எனக்கு ஜுருவில், காடி உதிரிப்பாகங்கள் விற்கும் கம்பெனியில் ஆபீஸ் வேலை. காலையில் ஒரே காடியில் புறப்படுவோம். என்னை ஜுருவில் இறக்கிவிட்டு அவர் போவார். மாலையில் வந்து ஏற்றிக்கொள்வார். பாலத்தில் நெரிசல் என்றால் அவர் ரேடியோவைக் கூட்டி வைப்பார், நான் தூங்கிவிடுவேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பேச வேண்டியதையெல்லாம் அந்தக் காடியிலேயே பேசி முடித்துவிடுவோம். வீட்டுக்கு வந்த பிறகு பெரும்பாலும் அவரவர் பாட்டுக்கு இருப்போம். அதில் ஒரு குறை இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

இனிப்புநீர் நோய் எனக்கு இளம் வயதிலேயே வந்தது. மாத்திரை, பிறகு ஊசி என்று அதோடு பழகியும் போயிருந்தேன். கம்பெனி விருந்து ஒன்றுக்காகப் புதுச் சப்பாத்து வாங்கினேன். அது சுண்டுவிரலைக் கடித்தது எனக்குத் தெரியவில்லை. பாதத்தில் உணர்ச்சி குறைந்து வெகுகாலம் ஆகியிருந்தது. வீட்டில் வந்து கழற்றியபோது காலுறை நனைந்திருப்பதை அவர்தான் முதலில் பார்த்தார். விரல் போனது. பிறகு பாதம் கறுத்தது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே டாக்டர் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டி, இந்த இடத்தில் எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை, முழங்கால் தப்பிவிடும், செயற்கைக் கால் போட்டு நன்றாகவே நடக்கலாம் என்றார்.

"முழங்கால் இருக்குல்ல, அது போதும்," என்று என் கணவர் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். வந்தவர்கள் அழுதால் அவர்களுக்கும் அதையே சொல்லிக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

எனக்குக் கால் செய்து கொடுத்தவர் ஒரு தமிழ்ப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். கடைவீட்டு வரிசை ஒன்றின் கீழ்த்தளத்தில் அவருடைய இடம் இருந்தது. முன்னால் பிடித்து நடக்க இரட்டைக் கம்பி, ஆளுயரக் கண்ணாடி. பின்னால் மாவுக்கட்டு மாவு, சூடான பிளாஸ்டிக் வாடை. மிச்சக் கால் நுழைகிற கூட்டுக்கு சாக்கெட் என்று பேர். வெளியே காலாகத் தெரிகிற குழாயும் ரப்பர் பாதமும் யார் செய்தாலும் ஒன்றுதான், நடப்பதும் நடக்க முடியாமல் போவதும் சாக்கெட்டில்தான் இருக்கிறது என்று அவர் முதல் நாளே சொன்னார். மாவு நனைத்த துணியை மிச்சக் காலில் சுற்றி அச்சு எடுத்தார். அந்த மாவு காயும்போது உள்ளே சூடாகும். காலில் ஏதோ ஒன்றை நான் உணர்ந்தேன் என்பதே எனக்கு அப்போது பெரிதாக இருந்தது.

அந்த முதல் கால் நன்றாகப் பொருந்தியது. இரட்டைக் கம்பிக்கு நடுவில் நின்றேன். பிறகு எங்கள் மாடியின் பொது நடையில், வரிசையாகக் கிடந்த சப்பாத்துகளையும் பூச்சட்டிகளையும் தாண்டி, ஊன்றுகோலோடு நடந்து பழகினேன். வேலைக்குத் திரும்பும் நாளைக்கூடப் பேச ஆரம்பித்துவிட்டோம். அந்த நேரத்தில்தான் கிட்னி கைவிட்டது. அது முன்பே பலவீனமாக இருந்ததுதான். கால் அறுவையும் காய்ச்சலும் மருந்தும் சேர்ந்து மிச்சத்தையும் முடித்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனது.

டயாலிசிஸ் தொடங்கியதும் கால் என்னோடு ஒத்துப்போகவில்லை. மெஷினுக்குப் போகிற நாள் காலையில் மிச்சக் கால் சாக்கெட்டுக்குள் போகவே போகாது. எழுந்து நின்று முழு பாரத்தையும் அமுக்கினால் பாதி இறங்கும். மெஷினிலிருந்து இறங்கி வந்தாலோ உள்ளே லொடலொடவென்று ஆடும். காலுறைக்கு மேல் காலுறை போட்டு இடைவெளியை அடைப்பேன். ஆனாலும் நடக்கும்போது மிச்சக் காலின் நுனி கூட்டின் அடியில் போய் இடித்திருக்கிறது. அது எனக்குத் தெரியவில்லை. கால் செய்கிறவரிடம் காட்டப்போன அன்றுதான், மிச்சக் காலில் ஒட்டினாற்போல் மாட்டும் லைனர் என்ற ரப்பர் உறையை உருட்டிக் கழற்றியதும், நுனியில் நாணயம் அளவுக்குக் கருஞ்சிவப்பாகப் புண் இருந்ததைப் பார்த்தோம்.

"அக்கா, இது வலிக்கலையா?"

"இல்லையேம்மா."

அவர் விரலால் புண்ணைச் சுற்றித் தொட்டுப் பார்த்தார். "வலிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்லா," என்றார்.

பிறகு எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். "மெஷினுக்குப் போறதுக்கு முன்ன உடம்புல தண்ணி ஏறி நிக்கிது. மெஷின் அத எடுத்துடுது. அப்ப அக்காவுக்கு ஒரே கால் இல்ல. ஏத்தமா ஒரு கால், எறக்கமா ஒரு கால், நடுவுல ஒரு கால். நான் எந்தக் காலுக்கு செய்யறது, சொல்லுங்க."

என் கணவர் அதைக் கேட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "எவ்ளோ ஏறுது, எவ்ளோ எறங்குதுன்னு தெரிஞ்சா செய்ய முடியுமா?"

"தெரிஞ்சா கொஞ்சம் வழி இருக்கு அண்ணே. ஆனா அதுக்கு தினமும் அளக்கணும். நான் வந்து அளக்க முடியாது, நீங்கதான் செய்யணும்."

மைப்பேனாவை எடுத்து முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டார். அதிலிருந்து ஒரே இடைவெளியில் கீழ்நோக்கி இன்னும் சில கோடுகள். தையல்காரர் டேப்பை அந்தக் கோட்டில் சுற்றிக் காட்டினார். "இறுக்கக்கூடாது, தோலத் தொட்டா போதும். காலையில எழுந்த ஒடன, மெஷினுக்கு முன்ன, மெஷினுக்குப் பின்ன, படுக்கறதுக்கு முன்ன. எப்பவும் ஒரே நாற்காலி, ஒரே மாதிரி உக்காரணும். குளிச்சா கோடு போயிடும், அதே எடத்துல திரும்பப் போட்டுக்குங்க."

"டோலரன்ஸ் எவ்ளோ வரைக்கும் தாங்கும்?" என்று கேட்டார் என் கணவர். அவர் ஃபேக்டரியில் தினமும் புழங்கும் சொல் அது. ஒரு சாமான் குறித்த அளவுக்கு மேலோ கீழோ எவ்வளவு போகலாம் என்பதற்கு அங்கே ஒரு கணக்கு உண்டு. அதைத் தாண்டியது சிவப்புப் பெட்டிக்குப் போகும்.

"அண்ணே, இது இரும்பு இல்ல," என்று அவர் சிரித்தார். "அரை சென்டி மாறுனாலே அக்காவுக்கு நடை மாறிடும். அத வெச்சி பாத்துக்குங்க."

அதுவரை என் கணவர் மிச்சக் காலைத் தொட்டதில்லை. கட்டுப் பிரிக்கும் நேரத்தில் சன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார், அல்லது தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சமையலறைக்குப் போய்விடுவார். நான் அதைப் பற்றிக் கேட்டதில்லை. டேப் கைக்கு வந்ததும் அவர் வேறு ஆளாகிவிட்டார். விடிந்ததும் முகம் கழுவி, கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு, என் முன்னால் தரையில் முழங்காலிட்டு உட்காருவார். டேப்பைச் சுற்றுவார். விரல்கள் குளிர்ந்திருக்கும். எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொள்வார். எடுத்துவிட்டு மறுபடி சுற்றுவார். இரண்டும் ஒத்துப்போனால்தான் கைப்பேசியில் பதிவார். ஒத்துப்போகாவிட்டால் முதலிலிருந்து.

முதல் சில வாரங்கள் எனக்கு அது பிடித்திருந்தது. கல்யாணமான புதிதில்கூட அவர் என் காலை அப்படிப் பிடித்து உட்கார்ந்ததில்லை. கைப்பேசியில் கோடு ஏறி இறங்குவதைக் காட்டுவார். சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கும் நடுவில் ஒரு நாள் கூடுதலாகப் போவதால் அந்த இடைவெளியில் ஏற்றம் அதிகம் என்று கண்டுபிடித்தார். மேல் கோட்டில் அவ்வளவாக மாற்றம் இல்லை, நுனிப் பக்கம்தான் ஊதுகிறது என்று கண்டுபிடித்தார். சாப்பிடும்போதும் அதைப் பேசினார். அவரை அவ்வளவு உற்சாகமாகப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஆனால் டயாலிசிஸ் செய்பவர்களுக்குத் தாகம் எப்படிப்பட்டது என்று அதை அனுபவிக்காதவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நாளுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து கொடுத்துவிடுவார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பினாங்கு வெயிலில் சன்னலோரம் உட்கார்ந்து, கீழே கடையில் யாரோ ஐஸ் போட்ட தண்ணீரை உறிஞ்சுவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். நான் குடிப்பதெல்லாம் மிச்சக் காலில் போய் உட்கார்ந்துகொள்ளும். மாலையில் டேப் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் நோன்புப் பெருநாளுக்குப் பலகாரமும் ஒரு கூஜா நிறையக் குளிர்ந்த ரோஸ் சிராப்பும் கொண்டுவந்து கொடுத்தார்கள். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். ஒரு கிளாஸ் மட்டும் என்று ஊற்றினேன். பிறகு கூஜா காலியாகும்வரை குடித்தேன். குடித்து முடித்து அழுதேன். கூஜாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

மாலையில் அவர் டேப்பைச் சுற்றினார். எடுத்தார். மறுபடி சுற்றினார்.

"இன்னிக்கு என்னா குடிச்ச?"

"ஒன்னும் இல்ல. வழக்கம்போலத்தான்."

"வழக்கம்போலன்னா இவ்ளோ ஏறாதுலா."

"அப்ப உங்க டேப்ப நம்புங்க. என்னை ஏன் கேக்குறீங்க?"

அவர் மறுபடியும் டேப்பை எடுத்தார். எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. காலை இழுத்துக்கொண்டேன். "நான் என்ன உங்க ஃபேக்டரி சாமானா?" என்றேன்.

அவர் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். டேப்பை விரலில் சுற்றிச் சுருட்டினார். "ஃபேக்டரி சாமானா இருந்தா செவப்புப் பெட்டியில போட்டுட்டு அடுத்தத எடுத்திருப்பேன்," என்றார்.

என்னைக் குத்துவதற்குச் சொன்னாரா, நான் அப்படி இல்லை என்பதற்குச் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. மறுநாள் விடிந்ததும் வழக்கம்போல் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நானும் காலை நீட்டினேன்.

அவர் சேர்த்துவைத்த அளவுகளைப் பார்த்துத்தான் இரண்டாவது சாக்கெட் செய்யப்பட்டது. அச்சு எடுக்க இரண்டு மெஷின் நாளுக்கு நடுவில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தார் கால் செய்கிறவர். நுனிப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டார். பக்கவாட்டில் ஒரு திருகு வைத்தார். அதைத் திருகினால் உள்ளே மெல்லிய கம்பி இழுத்துக் கூடு இறுகும், விட்டால் விரியும். ஏற்றமான நாளுக்கு இவ்வளவு, இறக்கமான நாளுக்கு இவ்வளவு என்று திருகின் மேல் புள்ளி வைத்துக் கொடுத்தார். "இதுக்கு மேல என்னால முடியாது அக்கா. புண்ண மட்டும் தினமும் கண்ணால பாருங்க. உங்க தோலு உங்ககிட்ட சொல்லாது," என்றார்.

அந்தக் கால் பொருந்தியது. நான் மிகைப்படுத்தவில்லை, பொருந்தியது. போட்டுக்கொண்ட முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை கடற்கரை நடைபாதைக்குப் போனோம். பலூன் விற்கிறவர்கள், குழந்தைகள், எதிர்க்கரையின் விளக்குகள். நான் நடந்தேன். அவர் இரண்டடி பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"ஏன் பின்னாடியே வர்றீங்க?"

"இடுப்பு சாயுதான்னு பாக்குறேன்."

"ஆளுங்க பாக்குறாங்க. பக்கத்துல வாங்க."

பக்கத்தில் வந்தார். கையைப் பிடிக்கவில்லை, ஆனால் முழங்கை உரசும்படி நடந்தார். வழியில் நின்று கடலைப் பார்த்தோம். அலை ஒன்றும் பெரிதாக இல்லை. அந்த மாலை நான் சந்தோஷமாக இருந்தேன்.

கம்பெனியில் என் இடத்தை எடுத்துவிடாமல் வைத்திருந்தார்கள். முதலாளியம்மா சீனப் பெண்மணி. மெஷின் நாள் போக மற்ற நாள்களில் வந்தால் போதும் என்றார். மறுபடியும் காலையில் ஒரே காடியில் பாலத்தைக் கடந்தோம். புறப்படும் முன் அவர் அளந்து, திருகை எந்தப் புள்ளியில் வைக்க வேண்டும் என்று சொல்வார். ஆபீசில் யாரும் என் காலைப் பற்றிப் பேசவில்லை. அதுவே எனக்கு நிம்மதியாக இருந்தது. மதியம் மேசைக்கு அடியில் திருகை ஒரு சுற்று தளர்த்திக்கொள்வேன்.

அது நீடிக்கவில்லை.

ஒரு புதன்கிழமை. முந்தின நாள் மெஷினில் தண்ணீர் எடுத்திருந்தார்கள், எடை சரியாக இறங்கியிருந்தது. கைப்பேசியில் இருந்த கணக்கின்படி அன்று காலையில் அளவு மிகவும் குறைவாக இருக்க வேண்டும். அவர் சுற்றினார். எண் ஏறியிருந்தது. மறுபடி சுற்றினார். மறுபடியும் அதே எண். "இது எப்பிடி?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். என்னை நேராக உட்காரச் சொன்னார். நாற்காலியைத் திருப்பிப் போட்டார். மீண்டும் அளந்தார். நேரமாகிக்கொண்டிருந்தது. தாமதித்தால் பாலம் அடைத்துக்கொள்ளும்.

"கோடு மேல நகந்திருக்கு போல," என்றார். ஈரத்துணியால் கீழ்க்கோட்டைத் துடைத்தார். பேனாவால் அதைப் புதிதாகப் போட்டார். முன்பு இருந்த இடத்தைவிடக் கொஞ்சம் கீழே போட்டார். மிச்சக் கால் நுனிக்குப் போகப் போக ஒடுங்கும், அதனால் கீழே அளந்தால் எண் குறையும். அவர் சுற்றினார். எண் சரியாக வந்தது.

"இப்ப சரியா இருக்கு," என்றார்.

நான் குனிந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். துடைத்த கோட்டின் நீலக்கறை தோலில் லேசாகத் தெரிந்தது. அதற்கும் புதுக் கோட்டுக்கும் ஒரு விரல் இடைவெளி இருந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தேன். ஏமாற்றுகிறவருடைய முகம் அல்ல அது. கண்ணுக்கு எதிரில் இருப்பதை நம்ப முடியாதவருடைய முகம். நான் லைனரை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மெஷினில் இருக்கும்போதே எனக்கு நடுக்கம் கண்டது. பல் அடித்துக்கொண்டது. மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் மிஸ்ஸி ஓடிவந்து காய்ச்சல் பார்த்தார், போர்வையை விலக்கி இரண்டு காலையும் பார்த்தார். மிச்சக் கால் முழங்கால்வரை சிவந்து பளபளத்தது. நுனியில் தோலுக்கு அடியில் சீழ் கட்டி வீங்கியிருந்தது. வெளியே புண் என்று ஒன்றும் இல்லை, அதனால் கண்ணால் பார்த்தும் தெரியாமல் போயிருக்கிறது. அங்கிருந்தே ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்புக்குள் போய்விட்டது என்றார்கள். முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும் என்றார்கள்.

"முழங்கால வைக்க முடியாதா டாக்டர்?" என்று என் கணவர் கேட்டார்.

டாக்டர் இல்லை என்று தலையாட்டினார்.

கண் விழித்தபோது என் கணவர் வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வேலைச் சட்டையைக்கூட மாற்றியிருக்கவில்லை. என் கையில் ஊசி ஏறியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு அந்தக் கோட்ட நான்தான் கீழ போட்டேன்," என்றார்.

"பாத்தேன்," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு யாரோ சாப்பாடு கொண்டுவந்தார்கள், பாத்திரச் சத்தம் கேட்டது. அவர் எழுந்து போய் எனக்குப் பஞ்சில் நனைத்துக் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவந்து உதட்டில் தொட்டார். அதைப் பற்றி நாங்கள் பேசியது அவ்வளவுதான். ஒருநாள் முந்திப் போயிருந்தால் முழங்கால் தப்பியிருக்குமா என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. அவரும் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

எடுத்துப்போன காலில் அவர் போட்ட நீலக் கோடுகள் அப்படியே இருந்திருக்கும். அந்தக் காலை ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. இத்தனை காலம் அளந்த அளவெல்லாம் அந்தக் காலுக்கு உரியது. இப்போது என் உடம்பில் இருப்பதற்கு அதில் ஒரு எண்கூடப் பொருந்தாது.

வீட்டுக்கு வந்து ஆறிய பிறகு, கால் செய்கிறவர் ஒருநாள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். எனக்குச் சாப்பிடக்கூடாத பழம் என்று அவருக்குத் தெரியவில்லை. மேசையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். தொடையில் மீந்திருப்பதைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டார்.

"அக்கா, நான் பொய் சொல்ல மாட்டேன். முழங்காலுக்கு மேலன்னா நடக்கறதுக்கு ரொம்ப பலம் வேணும். உங்க நெஞ்சு இப்ப வீக்குன்னு சொல்றாங்க. செஞ்சி குடுத்தா எழுந்து நிக்கலாம். கதவு வரைக்கும் நடக்கலாம். அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்."

"இதுவும் ஏறி எறங்குமா?" என்று கேட்டார் என் கணவர். அவர் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"எறங்கும் அண்ணே. தொடையில இன்னும் அதிகமாவே மாறும். முதல்ல இருந்து அளக்கணும்."

என் கணவர் உள்ளே போய் அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. டேப்பையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்தார். கையைக் கழுவியிருந்தார், விரல்களில் ஈரம் இருந்தது. என் முன்னால் முழங்காலிடப் போனார்.

"வேணாம்," என்றேன்.

"சும்மா அளந்து மட்டும் வைப்போம்லா. செய்யறது பத்தி அப்புறம் யோசிக்கலாம்."

"வேணாங்க. இனிமே அளக்க வேணாம்."

கால் செய்கிறவர் தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் பாதி குனிந்த நிலையில் நின்றார். பிறகு நிமிர்ந்து, சரி என்றார். டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வந்தவருக்குக் காப்பி கலக்கப் போனார்.

அந்த 'வேணாம்' என்ன செய்யும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. சலித்துப்போயிருந்தேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் என் காலைத் தொடுவதில்லை. படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது அக்குளுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்குகிறார். குளியலறையில் தண்ணீர் எடுத்து வைக்கிறார், துண்டை எட்டும் இடத்தில் போடுகிறார். எல்லாம் செய்கிறார். ஆனால் விடியும் நேரத்தில் என் முன்னால் வந்து உட்கார அவருக்கு ஒரு காரணம் இல்லாமல் போய்விட்டது. தொடையின் நுனியில் தையல் விழுந்த இடத்தை நான் மட்டும்தான் இப்போது கழுவுகிறேன். நானே 'வேணாம்' சொன்ன பிறகு, வந்து தொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? இருபது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியும் எங்களுக்கு அந்தப் பேச்சு வராது.

வேலை போய்விட்டது. முதலாளியம்மா நேரில் வந்து சொல்லிவிட்டு அழுதுவிட்டுப் போனார். என் மேசையில் இப்போது வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். என் கணவர் தனியாகப் பாலத்தைக் கடந்து போகிறார். அவர் வரும்வரை தொலைக்காட்சி ஓடும், நான் அதைப் பார்ப்பதில்லை. லிஃப்ட் கெட்டுப்போகிற நாளில் மெஷினுக்குப் போக மாடியிலிருந்து என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். பக்கத்து வீட்டு ஆளும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடிப்பார்கள். அவர்கள் மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டு நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

போன மாதம், அந்த இரண்டாவது காலின் குழாயும் பாதமும் வேறு யாருக்காவது ஆகும் என்று கால் செய்கிறவர் சொல்லி அனுப்பியிருந்தார். சாக்கெட் மட்டும் யாருக்கும் ஆகாது, அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். என் கணவர் மதியத்தில் அதை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது தனக்கு மீ கோரெங் வாங்கி வந்தார். உப்பு என்பதால் எனக்கு அது ஆகாது. வாடை எனக்கு வரக்கூடாது என்று சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடி சாப்பிட்டார். எனக்கு வாடை வந்தது. பசியே இல்லை, ஆனாலும் வாயில் நீர் ஊறியது.

வெளியே வந்ததும் நான் சொன்னேன், "நான் டயாலிசிஸ நிறுத்திடட்டுமா?"

அதை நான் முதல்முறையாகச் சொல்லவில்லை. முதல்முறை சொன்னபோது அவர் பயந்துபோய் என் அக்காவுக்கு ஃபோன் போட்டார். இப்போது பயப்படுவதில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு மெஷின் இருக்குல்ல?"

"இருக்கு."

"நாளைக்குப் போய்ட்டு வருவோம். அதுக்கப்புறம் பேசுவோம்லா."

போன முறையும் அதைத்தான் சொன்னார். அதற்கு முந்தின முறையும். நான் சரி என்றேன். அவர் எழுந்து, காய்ந்த துணிகளை எடுக்க வெளியே போனார். மழை வரும்போல் இருந்தது.